தன் பக்கத்துச் சோறு

சஹனில் சாப்பிடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பெரிய தட்டின் நடுவில் சோறு குவிந்திருக்கும். சுற்றிவர ஆறு பேர் உட்காருவார்கள். அவரவர் தன் முன்னால் இருக்கும் பக்கத்தில்தான் கை வைக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இறைச்சித் துண்டு பெரிதாகக் கிடக்கிறதென்று எட்டி எடுக்கக் கூடாது. நல்ல துண்டு தன் பக்கம் வந்துவிட்டால் அதைப் பக்கத்திலிருப்பவருக்குத் தள்ளிவிடுவது மரியாதை. இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவள் ஹாஜரா. கற்பிட்டியில் எங்கள் வேலிக்கு அடுத்த பக்கம் அவர்களுடைய வீடு. நாங்கள் சிலுவை மாட்டிய வீடு, அவர்கள் ஓதுகிற வீடு. வேலியில் இரண்டு பேர் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று எப்போதும் இருந்தது. அவளுடைய கலியாணத்தன்று பெண்களின் சஹனில் அவளுக்குப் பக்கத்தில் இருந்தது நான்தான்.

நீங்கள் விசாரிக்க வந்தது சஹனைப் பற்றியல்ல ஐயா, தெரியும். றைஸா நேர்முகத் தேர்வுக்கு வராமல் போனதற்கு அவளுடைய தகப்பன் மறித்ததுதான் காரணம் என்ற கதை இந்த வளாகத்தில் எங்கிருந்து கிளம்பியது என்று கேட்டீர்கள். என்னிடமிருந்துதான் கிளம்பியது. ஒரு வசனத்தில் பதில் முடிந்துவிட்டது. நீங்கள் எழுதிக்கொண்டு எழும்பிப் போகலாம். ஆனால் அந்தத் தகப்பன், சாஹுல் ஹமீது நானா, அந்த வயதில், வெயிலுக்குள் வந்து, பதிவாளரின் வாசலில் நின்று, "என்ட பேர்ல ஆரு பொய் சொன்ன?" என்று கேட்டாராம். அவர் கேட்டதற்கு ஒரு வசனம் போதாது. தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும்.

இந்தக் கடல்வளத் துறைக்கு நான் தலைவியாக வந்தபோது இது துறையாக இருக்கவில்லை. மூன்று நான்கு சிறு கூட்டங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன, அவ்வளவுதான். சிங்களப் பிள்ளைகள் ஒரு மரத்துக்குக் கீழே, முஸ்லிம் பிள்ளைகள் இன்னொரு மரத்துக்குக் கீழே, எங்கள் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலை வாசலில். விரிவுரையாளர்களும் அப்படியே. அறிவித்தல்களை மூன்று மொழியிலும் ஒட்டவைத்தேன். பழைய வலைகள் கிடந்த களஞ்சிய அறையைத் துப்புரவாக்கித் தொழுகை அறையாக்கினேன். நோன்பு மாதத்தில் ஆய்வுகூட வகுப்புகளைக் காலைக்கு மாற்றினேன். போயா முழுநிலவுக்குச் சில் நோன்பு எடுக்கிற பிள்ளைகளுக்கும் தலவிலத் தேவாலயத் திருநாளுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் வரவில் குறைக்கவில்லை. சக்கர நாற்காலியில் வந்த மாணவி ஒருத்திக்காக வள்ளத்துறையில் சரிவுப் பலகை போடுவித்தேன். அவள் மற்றவர்களோடு களப்புக்குள் போய் வலை இழுத்தாள். இவை எல்லாம் உண்மை. பின்னால் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இவற்றையும் பொய் என்று நினைத்துவிடாதீர்கள்.

றைஸா ஹாஜராவின் மகள். எங்களிடம் படித்து முதல் வகுப்பில் தேறி, தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தவள். வளாகத்தில் என்னை 'மெடம்' என்பாள், வீட்டில் 'மாமி' என்பாள். களப்பில் இறால் பொறுக்கும் பெண்களிடம் எங்கள் துறையிலிருந்து யார் போய்க் கேட்டாலும் "ஓம் சேர், இல்லை சேர்" என்ற அளவில் கதை முடிந்துவிடும். இவள் போய்ச் சேற்றில் கால் வைத்தால் அந்தப் பெண்கள் வாய் திறப்பார்கள். எந்தப் பக்கம் இறால்குஞ்சு குறைந்தது, எந்தப் பண்ணையின் கழிவு நீர் எப்போது திறந்துவிடப்படுகிறது என்றெல்லாம் அவளிடம்தான் சொல்வார்கள். துறைக்கு அவள் தேவை. இதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், மனமறிந்துதான் சொன்னேன்.

துறையில் சஹன் வைக்கும் யோசனையும் அவளுடையதுதான்.

"மெடம், நம்மட ஆக்கள் எல்லாரும் தனித்தனி பார்சலோட தனித்தனி மேசையில இரிக்கிறாங்க. மாசத்துல ஒரு நாளைக்கி சஹன் வெச்சா என்ன?" என்று கேட்டாள்.

வைத்தோம். பெண்களுக்குக் கருத்தரங்க அறையில் பாய் விரித்தோம், ஆண்களுக்கு வெளி விறாந்தையில். அந்த ஒழுங்கை அவள்தான் செய்தாள். எவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. சிலாபத்துச் சிங்கள அலுவலர் ஒருவர் முதல் நாள் எச்சில் என்று தயங்கினார். இரண்டாம் மாதம் தன் வீட்டுச் சம்பலையும் கொண்டுவந்து சஹனில் வைத்தார். மரத்துக்குக் கீழே பிரிந்திருந்த கூட்டங்கள் மெல்ல மெல்லக் கலைந்தன. நான் அறிவித்தல் ஒட்டிச் சாதிக்காததை அவள் ஆட்டிறைச்சியும் நெய்ச்சோறும் வைத்துச் சாதித்தாள். 'எல்லோருக்குமான துறை' என்று எங்களுக்குப் பெயர் வந்தது. மற்றப் பீடங்களிலிருந்து பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள், நானும் பிடிக்கக் கொடுத்தேன்.

பிறகு நிரந்தரப் பதவி ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று.

ஜூட் என் தம்பி றொகானின் மகன். றொகானின் வள்ளம் திரும்பி வராதபோது ஜூட் பள்ளிக்கூடப் பிள்ளை. அவனுடைய தாய் இத்தாலிக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே நின்றுவிட்டாள். நான் கலியாணம் செய்யவில்லை. எனக்குப் பிள்ளை என்றால் அவன்தான். நல்ல பிள்ளை, இரக்கமுள்ள பிள்ளை, படிப்பில் நடுத்தரம். அவனும் எங்கள் துறையிலேயே படித்து, இங்கேயே தற்காலிகமாக இருந்தான். அவனும் விண்ணப்பித்தான், றைஸாவும் விண்ணப்பித்தாள். இருவரையும் அருகருகே வைத்தால் யாரை எடுப்பார்கள் என்பதற்குச் சாத்திரம் பார்க்கத் தேவையில்லை.

நான் முறை தவறவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். உறவினர் விண்ணப்பித்திருக்கிறார் என்று நானே அறிவித்துத் தேர்வுக் குழுவிலிருந்து விலகினேன். யாரிடமும் ஜூடுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு ஒன்று வருவதாக இருந்தது. துறைகளில் எல்லா இனத்தவரும் எப்படி ஒன்றாக இருக்கிறார்கள் என்று பார்ப்பது அவர்களுடைய வேலை. சஹனைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள், அதைப் பார்க்க விரும்பினார்கள். அவர்களில் ஒருவர் நேர்முகத் தேர்வுக் குழுவிலும் வெளியாளாக அமரப்போகிறவர். இது எனக்குத் தெரியும். தெரியாதென்று சொன்னால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

அன்றைக்கு அமரும் ஒழுங்கை நானே செய்தேன். ஒரே ஒரு சஹனைக் கருத்தரங்க அறையின் நடுவில் வைப்பித்தேன். ஆண்களும் பெண்களும் கலந்து, ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் ஒருவர் என்று பெயர்களைச் சொன்னேன். றைஸாவை ஜூடுக்கும் அந்த வெளியாளுக்கும் நடுவில் போட்டேன்.

ஆண்களும் பெண்களும் ஒரு சஹனில் கை வைப்பது அவர்களிடம் வழக்கமில்லை. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. அந்தச் சஹனில் வளர்ந்தவள் நான்.

சாப்பாட்டுக்குச் சற்று முன்பு அவள் என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டாள். வளாகத்துக்குள் முதல் தடவையாக என்னை 'மாமி' என்றாள்.

"மாமி, ஆம்புளைகளோட ஒரு சஹன்ல இரிக்க எனக்கு ஏலா. உம்மாட கலியாணத்துல நீங்க இரிந்தீங்கதானே. ஒங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும் பிள்ளை," என்றேன். "சும்மா ஒரு படம்தானே. பிறகு எழும்பி வாவன். வந்த ஆக்கள் நாங்கள் பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கிறம் எண்டு நினைக்கப்படாது. உன்ர இன்டர்வியூவும் வருது, யோசி."

என் குரல் அன்பாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கம் இராது.

அவள் மறுத்துவிடுவாள் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன். விருந்தாளிகள் முன்னால், எல்லோரும் கை கழுவிவிட்டுக் காத்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் உட்கார மாட்டேன் என்பாள். அந்த வெளியாள் அதைப் பார்ப்பார். எல்லோருக்குமான துறையில் மற்றவர்களோடு சேராத ஒருத்தி என்று அவரே முடிவெடுத்துக்கொள்வார். பாம்பும் சாகும், கம்பும் முறியாது. நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன்.

ஆனால் அவள் உட்கார்ந்தாள்.

அபாயாவை முழங்காலோடு இழுத்து ஒடுக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் தோள் படாமல் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பதவி அவ்வளவு தேவையாக இருந்தது. மற்றவர்கள் சிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். அவள் ஓரத்துச் சோற்றை விரலால் அளைந்துகொண்டிருந்தாள், வாய்க்குக் கொண்டுபோனதை நான் காணவில்லை. ஜூட் தன் பக்கம் இருந்த பெரிய இறைச்சித் துண்டை அவள் பக்கம் தள்ளிவிட்டான். சஹன் மரியாதையை அவனுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். அவன் ஒன்றுமறியாதவன் ஐயா, தயவுசெய்து அதை மறக்க வேண்டாம். வெளியாள் மகிழ்ந்துபோய் றைஸாவிடம் அவளுடைய ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டார். அவள் தலை நிமிராமல் பதில் சொன்னாள், ஆனால் நன்றாகச் சொன்னாள். அவர் கை கழுவும்போது என்னிடம், "அந்தப் பிள்ளை கெட்டிக்காரி," என்றார்.

நான் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாலாவிச் சந்தியில் காரை ஓரம் கட்டி, அந்தப் படத்தை ஹாஜராவின் தொலைபேசிக்கு அனுப்பினேன். "உன்ர மகளைப் பார் ஹாஜரா. ஆக்களோட எவ்வளவு நல்லா ஒன்றிச்சு இருக்கிறா. எனக்குப் பெருமையா இருக்கு" என்று கீழே எழுதினேன். ஒரு பழைய சிநேகிதி எழுதக்கூடியதுதான். ஹாஜராவுக்கு எழுத்து வாசிக்கக் கண் போதாது. வருகிற செய்திகளை அவளுடைய மூத்த மகன் ரிஃபாஸ்தான் வாசித்துச் சொல்வான். அவன் பள்ளிவாசல் சங்கத்தில் இருப்பவன், முன்கோபக்காரன் என்று ஊரில் கதை. அவன் கையில்தான் அது முதலில் போகும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். இரு ஆண்களுக்கு நடுவில் ஒரே தட்டில் தங்கச்சி. மிச்சத்தை வீடு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். 'குடும்பம் விடவில்லை' என்ற வார்த்தை, படம் போய்ச் சேரும் முன்னரே என் நாக்கில் தயாராக இருந்தது.

நேர்முகத் தேர்வுக்கு அவள் வரவில்லை. ஜூட் தெரிவானான்.

பீடக் கூட்டத்தில் யாரோ றைஸாவுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தகப்பன் விடவில்லைபோல. நாங்கள் இங்கே எவ்வளவு செய்தாலும் அந்த வாசலைத் தாண்டி எங்களால் போக முடியாது," என்றேன். எல்லோரும் கவலையோடு தலையாட்டினார்கள். எனக்கும் உண்மையாகவே கவலையாக இருந்தது, கண்கூடக் கலங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளுக்குக் கண்ணீர் வராது என்று நினைக்காதீர்கள், வரும்.

மதிப்பீட்டுக் குழு எங்கள் துறையை முன்மாதிரி என்று சொன்னது. பெண்பிள்ளைகளைத் தடுக்கும் குடும்பங்களுக்கு விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்றும் சொன்னது. அதை நடத்தும் பொறுப்பையும் என்னிடமே தந்தார்கள்.

சில நாட்களுக்குப் பிறகு ஹாஜரா வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். எங்கள் வீட்டில் அவள் செருப்போடு நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ரிஃபாஸ் படத்தப் பாத்தான்," என்றாள். "பாத்துட்டு, 'புள்ள, ஒன்ட மொகம் ஏன் இப்பிடி இரிக்கி? அங்க ஒன்ன ஆரும் ஏதும் சொன்னாங்களா?' எண்டு கேட்டான். வேற ஒண்டும் கேக்கல்ல."

நான் கதவை இன்னும் அகலத் திறந்தேன்.

"அவட வாப்பா இன்டர்வியூவுக்குப் போகச் சொன்னாரு. கடலுக்கும் போகாம, வெள்ளச் சேட்டு போட்டு, ஓட்டோவயும் கூப்பிட்டு வாசல்ல நிப்பாட்டி வெச்சிரிந்தாரு. அவதான் மாட்டேனெண்டா. நான் சொன்னன், யூஜினி தெரியாம செஞ்சிரிப்பா, கோவப்படாத எண்டு. அவ சொல்றா, 'தெரியாதவங்க செஞ்சிரிந்தா நான் போயிரிப்பேன் உம்மா. மாமிக்குத் தெரியும்.' அதான் ஒன்னட்ட ஒரு சொல்லு கேப்பமெண்டு வந்த. ஒனக்குத் தெரியுமா யூஜினி?"

"உள்ளுக்கு வா ஹாஜரா, தேத்தண்ணி போடுறன்," என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு அதிலேயே பதில் கிடைத்துவிட்டது. திரும்பிப் படலையைச் சாத்திவிட்டு நடந்தாள். அந்த வேலி இப்போது மதிலாகிவிட்டது, ஓட்டை இல்லை. சுற்றிப் பெருந்தெருவால்தான் போக வேண்டும். அவள் போகிற வரைக்கும் வாசலில் நின்றேன். என் வாழ்நாளில் இப்படி வெட்கப்பட்டது கிடையாது. ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். மறுநாள் பீடத்தில் எழும்பி, நான் சொன்னது பொய் என்று சொல்லியிருக்கலாம். பதவி அப்போது இன்னும் கொடுபடவில்லை.

அதன் பிறகுதான் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடந்தது. புத்தளத்தில் ஒரு மண்டபம் நிறையச் சனம். நல்ல கூட்டம், நன்றாகவும் பேசினேன். ஓர் உதாரணம் தேவைப்பட்டது. "கற்பிட்டியில் ஒரு மீனவத் தந்தை, மகள் முதல் வகுப்பில் தேறியவள், ஒரு படத்தைக் கண்டு நேர்முகத் தேர்வுக்கு விடவில்லை," என்றேன். பெயர் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் இருந்ததை ஒரு கண்ணியம் என்றுகூட அப்போது நினைத்தேன். ஆனால் கற்பிட்டியில் முதல் வகுப்பில் தேறிய மீனவர் மகள் எத்தனை பேர்? மண்டபத்தில் இருந்தவர்கள் ஊருக்குப் போனார்கள், கதையும் போனது. மீன் ஏலம் போடும் இடத்தில் யாரோ சாஹுல் நானாவைப் பார்த்து, படித்த பிள்ளையின் வாழ்வைக் கெடுத்தவர் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரே இங்கே வந்துவிட்டார்.

ரிஃபாஸைப் பற்றியும் அவரைப் பற்றியும் நான் நினைத்தது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் துறையில் அப்படி நினைக்கக் கூடாதென்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். வேலி ஓட்டையால் அந்த வீட்டுக்குள் போய் வளர்ந்தவள். கொழும்பிலிருந்து வந்தவர்கள் தெரியாமல் நினைத்திருந்தால் மன்னிக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். றொகானின் வள்ளம் வராத அன்று, கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்று எங்கள் ஆட்களே கரையில் நின்றார்கள். முதலில் வள்ளத்தைத் தள்ளியது சாஹுல் நானா. றொகானைக் கரைக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். உடம்பை எனக்குக் காட்டவில்லை. தன் இடுப்புச் சாரத்தால் மூடி, "நீ பாக்க வேணாம் தங்கச்சி," என்றார். அந்தத் தம்பியின் மகனுக்காகத்தான் இதைச் செய்தேன்.

றைஸா இப்போது எத்தாளையில் டியூஷன் வகுப்பு நடத்துகிறாள். வேறெங்கும் விண்ணப்பிக்கவில்லை என்று கேள்வி. எங்கள் சஹன் இப்போதும் மாதந்தோறும் நடக்கிறது; பெண்கள் உள்ளே, ஆண்கள் விறாந்தையில், அவள் செய்து வைத்த ஒழுங்குப்படியே. என் பங்குக்கு நானும் உட்காருகிறேன். சோறு இறங்குவதில்லை.

ஆகவே ஐயா, எழுதிக்கொள்ளுங்கள். அவளை ஆண்களுக்கு நடுவில் உட்காரவைத்தது, தெரிந்தே உட்காரவைத்தது, நான். படத்தை அனுப்பியதும் நான். தகப்பன் மறித்தார் என்று சொன்னதும் நான்; மறிக்கவில்லை என்று அறிந்த பிறகும் சனம் நிறைந்த மண்டபத்தில் அதையே சொன்னதும் நான். யாரும் என்னைத் தூண்டவில்லை. எதிர்ப்பக்கம் கிடந்த துண்டை எட்டி எடுத்து என் பிள்ளைக்கு ஊட்டினேன். எந்தத் தண்டனை என்றாலும் மறுக்க மாட்டேன். மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன், இனி அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

ஒரேயொரு வேண்டுகோள். ஜூடின் நியமனம் அடுத்த பேரவைக் கூட்டத்தில்தான் ஏற்றுக்கொள்ளப்பட இருக்கிறது. இது அதற்கு முன்னால் வெளியே போனால், ஒன்றுமறியாத ஒரு பிள்ளை பாதிக்கப்படுவான், அது நியாயமில்லைதானே. ஆகவே அந்தக் கூட்டம் முடிகிற வரைக்கும், யாராவது கேட்டால், குடும்பம் விடவில்லை என்றே இருக்கட்டும். சாஹுல் நானா பொறுமையான மனிதர், இன்னும் கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள்வார்.